மிச்சம்

மதிப்புக்குரிய ஹார்க்ரீவ்ஸ் அம்மையாருக்கு,
இதை முதலில் தமிழில் எழுதுகிறேன்.
ஆங்கிலம் திங்கட்கிழமைக்குள் வந்து சேரும்.

நமது தொகுதியின் பெயரை எங்கள் எழுத்தில் எழுதினால்
மிச்சம் என்றுதான் வரும்.
உங்களுக்கு அது ஊர்; புல்வெளி, டிராம் தரிப்பு.
எங்களுக்கு அது எல்லாரும் அள்ளிய பிறகு
சட்டியின் அடியில் கிடப்பது.
நிதியமைச்சரின் பேச்சைப் பழக்கதோஷத்தில்
தமிழாக்கிப் பார்த்தேன்:
இத்தனை கோடி மிச்சம் பிடிப்பார்களாம்.
'எங்கட மிச்சத்தையோ பிடிக்கப்போறாங்கள்?'
என்றார் கணவர், கோப்பை கழுவிக்கொண்டே.

நான் உரைபெயர்ப்பாளர். நிமிடக் கணக்கில் கூலி.
கொடுப்பனவு கேட்பவர் ஒரு முனையில்,
புள்ளி போடுபவர் மறுமுனையில்,
நடுவில் நான், மாடிப்படியின் மூன்றாம் படியில்.
வீட்டில் அங்கேதான் சிக்னல் விழும்.
கூட்டக்கூடாது. குறைக்கக்கூடாது.
பெயர்களை வெளியே சொல்லக்கூடாது.
சொல்லமாட்டேன்.

ஒருவரிடம் கேட்டார்கள்:
ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்க முடியுமா?
நெடுநேரம் சத்தமில்லை.
'ஒரு ஆளுக்கெண்டு சமைச்சதே இல்லைப் பிள்ளை.
அவ போனது மாசியிலதானே.'
அப்படியே சொன்னேன்.
அது ஆமா, இல்லையா என்று கேட்டார்கள்.

இன்னொருவர், இடது கை விழுந்துபோனவர்.
குளிப்பு எப்படி? சமாளிக்கிறன்.
உடுப்பு? சமாளிக்கிறன்.
படியிறங்குவது?
அதையும்தான், சமாளிக்கிறன்.
ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல் போதும்.
சொன்னேன். தட்டச்சு கேட்டது.
பூச்சியத்துக்கும் ஒரு சத்தம் இருக்கிறது, அம்மையாரே.

அந்தச் சொல்லுக்குள்
குந்தியபடி ஒவ்வொரு படியாக அரைந்து இறங்குவது இருக்கிறது.
பல்லால் இழுத்துப் பூட்டும் பொத்தான் இருக்கிறது.
அந்நியர் முன்னால் அழமாட்டேன் என்பதும் இருக்கிறது.
கூட்டக்கூடாது என்பதால் அன்று கூட்டவில்லை.
இன்று கூட்டுகிறேன்.

தமிழருக்கு மட்டும் உள்ள வருத்தமில்லை இது.
ஒக்சிஜன் குழாயோடு குப்பைவாளி இழுத்துவரும்
பக்கத்து வீட்டு மோரீன்
'மஸ்ட்ன்ட் கிரம்பிள்' என்பாள்.
அதற்கும் தமிழ் அதே சொல்தான்.

எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டபோது
அந்தக் கை விழுந்தவர் பொய் சொல்ல விரும்பவில்லை.
'கொஞ்சம் பொறுங்கோ' என்று
தொலைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு
அளக்கப் போனார்.
ஊன்றுகோல் ஒலித்தது. நின்றது.
திரும்பவும் ஒலித்தது.
நாங்கள் இருவரும் காத்திருந்தோம், பேசாமல்.
நான்கு நிமிடத்தின் பின் மூச்சு வந்தது,
அதன் பின்னால் குரல்: 'பதினொண்டு.'
பதினொரு அடி.
அந்த நான்கு நிமிடத்துக்கும் எனக்குக் கூலி கிடைத்தது.
இன்னும் அதைச் செலவழிக்கவில்லை.

சனிக்கிழமை நூலகத்தில்
உங்கள் சேர்ஜரிக்கு வந்திருந்தேன்.
நீலக் கதிரைகள், முன்னால் பதினாறு பேர்.
உங்கள் உதவியாளர் குறிப்பெடுத்தார்.
சேர்ஜரி என்றால் எங்களுக்குச் சத்திரசிகிச்சை:
வெட்டுவது மட்டுமல்ல,
வெட்டியதைத் தைப்பதும் அதற்குள் அடங்கும்.

செவ்வாய் இரவு ஏழு மணிக்கு வாக்கெடுப்பு.
மணி அடித்து எட்டு நிமிடத்தில் கதவு பூட்டுவார்களாம்.
நீங்கள் கை உயர்த்துவதில்லை,
நடக்கிறீர்கள்.
வெட்டு வேண்டும் என்போர் ஒரு தாழ்வாரத்தால்,
வேண்டாம் என்போர் மறு தாழ்வாரத்தால்.
நடந்துதான் சட்டம் செய்கிறீர்கள் என்று அறிந்த இரவு
எனக்கு நித்திரை வரவில்லை.

கட்சிக் கொறடா எந்தக் கதவைக் காட்டினாலும்
மற்றதால் போங்கள்.
போகும்போது எண்ணுங்கள்.
பதினொன்றில் ஒருமுறை நில்லுங்கள்.
பின்னால் வருபவர் இடித்து, என்ன சுகமில்லையா என்று கேட்டால்
சமாளிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.
நான் மொழிபெயர்த்துத் தருகிறேன்,
இம்முறை முழுவதையும்.

இப்படிக்கு,
அருந்தவச்செல்வி குகதாசன்.
அஞ்சல் குறியீடு உறையில் இருக்கிறது, சரிபாருங்கள்.
நான் உங்கள் வாக்காளர்தான்.